பணிவுக்குப் பத்துக்கு ஒன்பது

பணிவைக் கற்றுக்கொள்வது என்று முடிவெடுத்ததும் நான் முதலில் செய்த காரியம் ஒரு புதுக் கொப்பி வாங்கியதுதான். எண்பது பக்கக் கொப்பி. அடிமட்டம் வைத்து மூன்று நிரல்கள் கீறினேன்: திகதி, நிகழ்வு, புள்ளி. விபூதிப் புதனில் தொடங்கி, உயிர்த்த ஞாயிறு கழிந்து மூன்று கிழமை வரைக்குமான திகதிகளை ஒரே இருப்பில் எழுதி முடித்தேன். ஒவ்வொரு நாளும் அன்றைய பணிவுக்குப் பத்துக்கு இத்தனை என்று எனக்கு நானே புள்ளி போடுவதாகத் திட்டம். பரீட்சையைத் தவிர வேறு வழியாலும் மனிதர் முன்னேறலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது.

எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கடற்றொழிலாளி. கடலுக்குப் போகும் பாஸுக்காக நேவிக்காரரின் காவலரணில் அவர் பெருவிரலில் மை பூசிக்கொண்டு நிற்கும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன். அம்மா மீன் காயவைத்து விற்பவர். நான் உயர்தரத்தில் உயிரியல் படித்துச் சித்தியடைந்தவள். மருத்துவ பீடத்துக்குப் புள்ளி போதவில்லை. ‘கொஞ்சத்தால்தான் தவறியது’ என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அம்மா சோறு போட்டால், அதிலுள்ள மாப்பொருள் பற்றி ஒரு வசனமாவது சொல்லாமல் நான் கையை வைத்ததில்லை.

அந்த ஆண்டு, உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய நாற்பது நாள் தபசுகாலத்துக்குச் சற்று முன்னர் ஒரே கிழமையில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, திருகோணமலை நகரத்திலேயே இருந்த ஒரு நிவாரண அலுவலகத்திலிருந்து. ஆங்கிலம் தெரிந்த எழுதுவினைஞர் தேவை. உயிர்த்த ஞாயிற்றுக்கு அடுத்த கிழமை, திங்கட்கிழமை காலை நேரில் வரவும். அந்த அலுவலகத்தின் வெள்ளை வாகனங்கள் நீண்ட அன்டெனாவை ஆட்டிக்கொண்டு துறைமுக வீதியால் போகும்போது சோதனைச்சாவடியில்கூட அதிகம் மறிக்க மாட்டார்கள். அதற்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு நான் இருக்கும் காட்சியை எத்தனையோ தடவை மனதில் பார்த்திருந்தேன். மற்றது, மட்டக்களப்பில் தாதியர் பயிற்சிக்குத் தெரிவுசெய்யப்பட்டிருப்பதாகச் சொன்ன கடிதம். சம்மதத்தை உயிர்த்த ஞாயிறு கழிந்து மூன்றாம் கிழமை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.

“படிச்ச படிப்புக்குக் கட்டில் கட்டிலாய்ச் சட்டி எடுக்கச் சொல்லுறியளோ?” என்று அம்மாவிடம் கேட்டேன்.

“ஏன்டி, உன்ரை சட்டியை நான் எடுக்கேல்லையோ? நான் ஒரு பயிற்சிக்கும் போகேல்லையே” என்றார் அம்மா.

மூன்றாவதாக, கடிதம் எதுவும் வராத ஒரு யோசனையும் இருந்தது. கன்னியர் மடத்தில் சேர்வது. வெள்ளை உடுப்பு எனக்குப் பொருந்தும் என்பதுதான் அதற்கு இருந்த பெரிய நியாயம். அதைச் சொன்னபோது அம்மா கருவாட்டைப் புரட்டிக்கொண்டே, “மடத்திலை காலமை நாலு மணிக்கு எழும்போணும். நீ எழும்பப் பூசை முடிஞ்சிடும்” என்றார். யோசனை அத்தோடு நின்றது.

எந்தக் கடிதத்துக்கு ஓம் சொல்வது என்று ஆண்டவரிடம் கேட்டேன். பதில் வரவில்லை. பிறகு ஒரு ஞாயிறு, பூசைப் பிரசங்கத்தில் எங்கள் பங்குச் சுவாமி, தாழ்மை உள்ளவர்களுக்குத்தான் இறைவனின் குரல் கேட்கும் என்றார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. விண்ணப்பத்தில் குறை இல்லை. அடிப்படைத் தகைமைதான் போதாது. தகைமையைப் பெற்றுவிட்டால் பதில் வந்துவிடும். அன்று பின்னேரமே கொப்பி வாங்கினேன்.

நான் தொடக்கத்தில் நன்றாகத்தான் செய்தேன். கோயிலில் முன் வாங்கில் இருப்பதை விட்டுக் கடைசி வாங்கில் இருந்தேன். வாசகம் வாசிப்பதையும் விட்டேன். நான் வாசித்தால் கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்கும். அதனால் அதுதான் பெரிய தியாகம் என்று எண்ணினேன். மற்றவர்கள் இறைச்சியை விட்டார்கள், நான் என் குரலை விட்டேன். ‘ஏன் பிள்ளை இப்ப வாசிக்கிறேல்லை?’ என்று யாராவது கேட்டால் மெல்லச் சிரித்துவிட்டுப் போவதாக இருந்தேன். மூன்று ஞாயிறு போயும் ஒருவரும் கேட்கவில்லை. எனக்குப் பதிலாக வாசித்தவள் ஒரு வரியைத் தாண்டிப் போனாள். அதையும் நான் ஒருத்திதான் கவனித்தேன். சனிக்கிழமைகளில் கோயில் முற்றத்தைக் கூட்டினேன். பாடகர் குழு பயிற்சிக்கு வரும் நேரமாகப் பார்த்துக் கூட்டினேன்.

இவற்றையெல்லாம் கொப்பியில் பதிந்தேன். என் தங்கை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியிருந்த காலம். அவளுக்கு விளங்காதபடி எல்லாவற்றையும் சுருக்கெழுத்தில் எழுதினேன். பணிவுக்கு ‘ப’, செருக்குக்குச் ‘செ’. கடைசி வாங்கு ‘க.வா.’, முற்றம் கூட்டியது ‘மு.கூ.’. ஒரு பக்கத்தைத் திறந்தால் ‘க.வா. — ப 7’, ‘மு.கூ. — ப 8, செ 2’ என்று இருக்கும். அப்படி எழுதியது பின்னால் எனக்கு என்ன செய்யப் போகிறது என்று தெரிந்திருந்தால் தங்கையே வாசிக்கட்டும் என்று விட்டிருப்பேன்.

பாவசங்கீர்த்தனத்துக்கும் போனேன். என் ஆணவத்தை மூன்று தலைப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உதாரணம் வைத்துச் சொன்னேன். இரண்டாவது தலைப்பில் சுவாமி இருமினார்.

“சரி பிள்ளை. பின்னாலை கனபேர் நிக்கினம்” என்றார்.

குருத்து ஞாயிறன்று சுவாமி பெரிய வியாழனுக்கான பன்னிரண்டு பேரின் பெயர்களை வாசித்தார். அன்றைய பூசையில் பன்னிரண்டு ஆண்கள் அப்போஸ்தலர்களாகப் பீடத்தின் முன் வரிசையாக இருப்பார்கள். சுவாமி முழந்தாளில் நின்று அவர்களின் பாதங்களைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார். வழக்கமாகக் கோயில் சங்கத்துப் பெரியவர்கள்தான் இருப்பார்கள். அந்த ஆண்டு அவர்களில் சிலர் இடம்பெயர்ந்து போயிருந்தார்கள். இரண்டு பேரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஆள் காணாமல் பட்டியல் எங்கள் கடற்கரை ஒழுங்கைவரை வந்தது. பதினோராவது பெயர் அப்பாவுடையது.

அப்பா அன்று முழுவதும் சிரித்துக்கொண்டே திரிந்தார். அப்பாவின் பாதங்கள் என் கண்முன் வந்தன. வள்ளத்துக்குப் பூசும் தார் குதிக்கால் வெடிப்புகளுக்குள் இறங்கிக் கறுத்துக் கிடந்தது. ஒரு பெருவிரலில் நகம் பாதிதான் இருந்தது. அந்தக் காலைத் தூக்கிப் பீடத்தின் முன் வைக்கப் போகிறார். முதல் வாங்கில் யார் இருப்பார்? நிவாரண அலுவலகத்தின் பொறுப்பாளரான அம்மையார். கொழும்பிலிருந்து வந்தவர், ஒரு பூசையும் தவறவிடாதவர், அடுத்த கிழமை என்னை நேர்முகம் காணப் போகிறவர்.

எங்கள் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. சுவாமி கழுவுவதற்கென்று போகும் கால்களை வீட்டிலேயே நன்றாகக் கழுவிக்கொண்டுதான் போவார்கள். சுவாமியை உண்மையாகவே அழுக்குக் கழுவ வைத்த ஒருவரும் எங்கள் பங்கில் இல்லை. ஆகவே புதன் பின்னேரம் நான் அப்பாவைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனதில் ஒருவரும் புதினம் காணவில்லை. மண்ணெண்ணெய், சவர்க்காரம், தேங்காய்த் தும்பு, ஒரு கரடுமுரடான கல். பரீட்சைக்கு ஆயத்தமாவதுபோல எல்லாவற்றையும் வரிசையாக வைத்துக்கொண்டு குந்தினேன்.

“காணும் பிள்ளை. தோல் உரிஞ்சிடும்.”

“கதையாமல் இருங்கோ அப்பா. இன்னும் தார் போகேல்லை.”

“தார் இருந்தால் என்ன? சுவாமிக்கு நான் ஆரெண்டு தெரியாதோ?”

“மற்ற ஆக்களுக்குத் தெரியத் தேவையில்லை.”

நான் தேய்த்தேன். குதிக்காலை, விரலிடுக்கை, பாதத்தின் அடியை, முக்கால் மணித்தியாலம் தேய்த்தேன். இடையில் ஒருமுறை, “நோகுதோ?” என்று கேட்டேன். “இல்லை, நல்லாய்த்தான் கிடக்கு” என்றார். கடலில் திரிந்த தோல், தடித்துப் போயிருக்கிறது என்று நினைத்தேன். தோலிலுள்ள உணர்வு நரம்புகளை வரைந்து, பெயரிட்டு, வகுப்பிலேயே அதிக புள்ளி எடுத்தவள் நான். கல்லால் தேய்த்தும் கூசாத ஒரு கால் என் மடியில் கிடந்தது. அது ஏன் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அன்று கொப்பியில் எழுதினேன்: ‘அ.பா.க.’ அதாவது அப்பாவின் பாதம் கழுவியது. ஒரு தகப்பனின் காலடியில் குந்தி இருந்து கழுவியிருக்கிறேன். இதைவிடத் தாழ்மை வேறு என்ன? பத்து போடத்தான் கை போனது. பத்து போட்டால் அது செருக்காகிவிடும் என்று ஒன்பது போட்டேன்.

ஊரடங்கு காரணமாகப் பெரிய வியாழன் பூசை பின்னேரம் மூன்று மணிக்கே தொடங்கியது. நல்ல வெயில். பீடத்தில் ஏற்றியிருந்த மெழுகுதிரிகளின் சுடர் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் கடைசி வாங்கை மறந்து இரண்டாவது வாங்கில் போய் இருந்தேன். அப்பா வெள்ளைச் சட்டையும் புதுச் சாரமும் உடுத்துப் பதினோராவது கதிரையில் இருந்தார். சுவாமி ஒவ்வொருவராக வந்து அப்பாவின் முன் முழந்தாளிட்டார். வலது காலில் நீர் ஊற்றினார். பிறகு ஊற்றுவதை நிறுத்தினார். தட்டத்துக்குள் இருந்த நீர் சிவந்துகொண்டு வந்தது.

“என்ன சுவாமி?” என்றார் அப்பா. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

சுவாமி பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பாதத்தில், சின்ன விரலுக்குக் கீழே, நான் தேய்த்துத் திறந்த இடம் ஒரு சிறு வாய்போல இருந்தது. சுவாமி துவாயால் அதை அமுக்கிப் பிடித்தபடியே முத்தமிட்டார். பிறகு பன்னிரண்டாவது ஆளிடம் போனார். எனக்கு அதற்குப் பிறகு பூசையில் நடந்தது எதுவும் ஞாபகம் இல்லை.

பூசை முடிந்ததும் அலுவலக அம்மையார் எழுந்து நேரே அப்பாவிடம் வந்தார். “ஊரடங்குக்கு முன்னம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம், ஏறுங்கோ ஐயா” என்றார். அந்த வெள்ளை வாகனத்தின் முன்னிருக்கையில் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஏறியவர் அப்பாதான். நான் பின்னால், அம்மாவோடு இரண்டு மாப்பெட்டிகளுக்கு நடுவில், அப்பாவின் செருப்புகளைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

அப்பாவுக்கு நீரிழிவு, எங்கள் பேச்சில் சீனி வருத்தம், முற்றியிருந்தது. எவ்வளவு காலமாக என்று ஒருவருக்கும் தெரியாது. காலில் உணர்ச்சி போயிருந்தது. காயத்தைக் கழுவிய நேர்ஸ் என்னைவிட நாலைந்து வயதுதான் கூடியவர். கையுறையைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

“ஆர் இதைத் தேய்ச்சது?”

“நான்தான்.”

“எதாலை?”

சொன்னேன்.

“வள்ளமெண்டு நினைச்சீரோ?” என்றார். அப்பா சிரித்தார். நான் உயர்தரத்தில் உயிரியல் படித்தவள் என்பதை அவருக்குச் சொல்லலாம் என்று வாயைத் திறந்து, நல்லவேளையாக மூடிக்கொண்டேன்.

டொக்டர், காயம் மேலே ஏறினால் காலை எடுக்க வேண்டி வரும் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலைத் தாழ்த்தவில்லை. ஆஸ்பத்திரி விடுதியில் அதைவிடப் பெரிய காயங்கள் இருந்தன, கட்டில்கள் போதாமல் ஆட்கள் நிலத்தில் கிடந்தார்கள். ஒற்றைக் காலோடு வள்ளம் ஏற ஏலாது. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அம்மா வீட்டுக்கு வந்து தன் பழைய பருத்திச் சேலையைக் கிழிக்கத் தொடங்கினார்.

விடுதியில் இடம் இல்லாததால் காயத்தை வீட்டிலேயே கட்டச் சொன்னார்கள். ஒன்றைவிட்டொரு நாள் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். காலையும் மாலையும் கொதித்தாறிய உப்புநீர், அவித்து உலர்த்திய சேலைத்துண்டு. முதல் மூன்று தடவையும் நேர்ஸ் நான் போட்ட கட்டைப் பார்த்ததும் அவிழ்த்தார். “இறுக்கிப்போட்டீர்.” “இது தொய்யலாய்க் கிடக்கு, கழண்டு விழும்.” “ஊறினதை ஏன் விட்டனீர்? மணக்கேல்லையோ?” ஒரு பரீட்சையிலும் நான் மூன்று தடவை தவறியதில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவின் காலில், தங்கையின் காலில், கதிரைக் காலில் கட்டிக் கட்டிப் பழகினேன். எந்தச் சதை உயிரோடு இருக்கிறது, எது செத்துவிட்டது என்று நிறத்தை வைத்தே எனக்குத் தெரிய வந்தது. மணத்தை வைத்தும். அப்பா காலை நீட்டிக்கொண்டு, “என்ரை காலிலை நீ பாஸ் எடுத்திடுவாய்” என்பார். அவரைப் பார்க்க முடியாமல் காலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

சேலைத்துண்டு அவித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அன்றைக்குப் புதன்கிழமை என்று அம்மா எதற்கோ சொன்னார். அப்படியென்றால் திங்கட்கிழமை எங்கே போயிற்று? வெள்ளை வாகனத்து வேலையை நான் துறக்கவில்லை. துறந்திருந்தால் எழுதிப் புள்ளி போட்டிருப்பேன். வெறுமனே மறந்துவிட்டேன். அடுத்த நாள் ஓடிப்போய்க் கேட்டபோது வேறொருத்திக்குக் கொடுத்தாயிற்று என்றார்கள். அம்மையார் அப்பாவின் காலை மட்டும் விசாரித்தார்.

நாலாம் தடவை நேர்ஸ் கட்டை அவிழ்க்கவில்லை. ஒரு பக்கம் திருப்பினார், மறுபக்கம் திருப்பினார். “ம்” என்றார். அவ்வளவுதான். உயர்தர முடிவு வந்த நாளில்கூட எனக்கு அவ்வளவு சந்தோசப் புளுகம் வரவில்லை. அந்த ‘ம்’ ஐ இன்னொரு தடவை அவர் வாயால் கேட்க வேண்டும், பிறகு ஒருநாள் மற்றவர்களைப் பார்த்து நான் அப்படிச் சொல்ல வேண்டும் என்று ஆசை வந்தது. மட்டக்களப்புக் கடிதத்துக்கான பதிலை ஆஸ்பத்திரி வரிசையில் நின்றபடியே சுவரில் வைத்து எழுதினேன். ஆண்டவரின் குரல் எதுவும் கேட்கவில்லை. கேட்டது நேர்ஸின் ‘ம்’ மட்டும்தான்.

கால் தப்பியது. சின்ன விரல் போய்விட்டது. சீனிதான் காரணம் என்று டொக்டர் சொன்னார். ஓட்டை போட்டது நான் என்று எனக்குத் தெரியும். அப்பா ஒருமுறையும் அதைச் சொல்லிக் காட்டவில்லை, அம்மா மாதத்துக்கு ஒருமுறை சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து நான் பயிற்சிக்குப் புறப்பட்டேன். மட்டக்களப்புக்கு நேர்வழி மூடிக் கிடந்தது. கந்தளாய், ஹபரணை என்று சுற்றிக்கொண்டு போகவேண்டும். அம்மா கருவாடும் காய்ந்த மாசித் துண்டும் பல பொதிகளாகக் கட்டிப் பையில் வைத்திருந்தார். கந்தளாய் வீதிச் சோதனைச்சாவடியில் எல்லோரும் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பைகளைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையில் நின்றோம். ஆமிக்காரர் என் முதலாவது பொதியைப் பிரித்தார். கருவாட்டைப் பார்க்கவில்லை, சுற்றியிருந்த தாளைப் பார்த்தார். இரண்டாவது பொதியைப் பிரித்தார். மூன்றாவதையும் பிரித்தார். தாள்களை மேசையில் விரித்துத் திகதிப்படி அடுக்கத் தொடங்கினார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. வாசிக்கத் தெரியாத அம்மா, பாதி எழுதாமல் கிடந்த கொப்பி வீண் என்று நினைத்துக் கிழித்துச் சுற்றியிருக்கிறார்.

திகதிகள். எழுத்துகள். எண்கள். க.வா. 7. மு.கூ. 8.

“மொக்கத மே?” என்று கேட்டார். ‘இது என்ன?’ என்று கேட்கிறார் என்பது மட்டும் எனக்கு விளங்கியது. பதில் சொல்லும் அளவுக்குச் சிங்களம் என்னிடம் இல்லை. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற கிண்ணியா வியாபாரி ஒருவர் முன்னுக்கு வந்து தாளை வாசித்தார்.

“அ.பா.க. எண்டா என்ன இயக்கம் புள்ள? நான் கேள்விப்படவே இல்லையே.”

“இயக்கம் இல்லை. அது… அப்பாவின்ரை பாதம் கழுவினது.”

“அப்ப இந்த எட்டு, ஒன்பது எல்லாம்?”

“பணிவுக்குப் புள்ளி” என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் எதையும் சொன்னதில்லை.

“என்ன?”

“பணிவுக்கு. எனக்கு நானே போட்ட புள்ளி.”

அவர் என்னை ஒருகணம் பார்த்துவிட்டு ஆமிக்காரரிடம் திரும்பி நீண்ட நேரம் சிங்களத்தில் விளக்கினார். ஆமிக்காரர் சிரிக்கவில்லை. புதன்கிழமையின் ஒன்பதுக்குக் கீழே விரலை வைத்தார். அதன் பிறகு திகதிகள் மட்டும்தான்.

“இதுக்குப் பிறகு ஏன் ஒண்டும் எழுதல்ல, இந்த நாள்ல எங்க போயிருந்தாய் எண்டு கேக்கிறார்.”

அந்தக் கேள்விக்குப் பிழையான பதில் சொன்னவர்கள் வீடு திரும்ப எவ்வளவு காலம் எடுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

“வீட்டிலைதான் இருந்தனான். அப்பாவின்ரை காலிலை காயம். நான்தான் மருந்து கட்டினனான். எழுத மறந்துபோனன்.” பையிலிருந்து பயிற்சிக் கடிதத்தை எடுத்து நீட்டினேன்.

ஆமிக்காரர் கடிதத்தைப் பார்த்தார். தாள்களைப் பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார். வியாபாரியின் முகம் தளர்ந்தது.

“ஒன்பது போட்டிருக்கிறாய். மத்த ஒரு புள்ளி ஏன் குறைஞ்சது எண்டு கேக்கிறார்.”

“பத்து போட்டால் அது பெருமையாய்ப் போயிடும் எண்டு” என்றேன். உண்மையாகவே விளக்கம் கொடுத்தேன்.

சிரிப்பு இரண்டு தவணையாக வந்தது. முதலில் தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். வியாபாரி மொழிபெயர்த்து முடித்ததும் மற்றவர்கள் சிரித்தார்கள். ஆமிக்காரர் கருவாட்டு எண்ணெய் பட்ட விரல்களைத் துடைத்துக்கொண்டு தாள்களைத் திருப்பித் தந்தார். பஸ் ஹபரணையை அடைந்து அங்கும் இறங்கச் சொன்னபோது, வியாபாரி எனக்கு முன்னே போய், இந்தப் பிள்ளையின் பையில் இருப்பது கருவாடும் பணிவும்தான் என்று அங்கிருந்தவர்களுக்கும் சொன்னார். அங்கும் சிரித்தார்கள்.

அன்று மாலை பயிற்சி விடுதியில், புதிதாக வந்த மற்றப் பெண்களுக்குக் கருவாட்டைப் பகிர்ந்து கொடுத்துவிட்டு, சோதனைச்சாவடியில் ஆமிக்காரருக்கு நான் எவ்வளவு நிதானமாகப் பதில் சொன்னேன் என்று கதை சொன்னேன். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். தாள்களில் என்ன எழுதியிருந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.